நிதானம் இழுத்த ஒயர்

"விளக்கெல்லாம் எரியுதுடா. ஃபேனும் சுத்துது. பிளக்கு மட்டும்தான் செத்துக் கிடக்கு. வந்து பாரு."

அக்கா போனில் இதைச் சொன்னபோது குச்சி ஒரு குடோனின் கூரைக்குக் கீழே ஏணியில் நின்றுகொண்டிருந்தான். வாயில் இரண்டு ஸ்க்ரூ. அதைத் துப்பவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை.

"என்னடா, லைன்ல இருக்கியா? இல்ல நீயும் செத்துட்டியா?"

"இருக்கேன்க்கா," என்றான்.

அக்கா என்றால் அவனுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. நிதானத்தின் அக்கா. நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரும் இல்லை. வயரிங் வேலையில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை; மெதுவிலும் ஆளில்லை. தொட்டில் கட்ட ஒரு கொக்கி மாட்டச் சொன்னால், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வந்து மாட்டிவிட்டுப் போவார் என்று கேலி பேசுவார்கள். ஆனால் அவர் மாட்டிய கொக்கியில் யானையைக் கட்டலாம். அவரோடு குச்சி பதினான்கு வருஷம் வேலை பார்த்தான். அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவான்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஓர் அச்சகத்தில் லைன் இழுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் அடித்து நிதானம் செத்துப்போனார். மெயினை அணைக்காமல் கை வைத்தார் என்று போலீஸில் எழுதினார்கள். 'பேரு நிதானம், போனது அவசரத்துல' என்று தெருவில் ஒரு சொல் உண்டாயிற்று. காய் வாங்குகிற இடத்தில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாம் அண்ணி அந்தச் சொல்லைக் கேட்டாள். கேட்டுக் கேட்டு, செத்தவர் மேல் அழுகை வற்றி ஆத்திரம் வந்தது.

'அணைக்கலாம்ணேன்னு நான் சொன்னேன், அவர்தான் வேணாம்னார்.' அன்றைக்கு அச்சகத்து வாசலில் நின்று குச்சி சொன்னது இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் ஊர் கட்டிக்கொண்டது. அது பொய் என்பது குச்சிக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

"வேற யாராச்சும்..." என்று இழுத்தான்.

"வேற ஆளு நாளைக்குக் காலைல வர்றான். ரிப்பேருக்கு இல்ல. வீடு முழுக்க ஒயரை உருவிட்டுப் புதுசா போட. உங்க அண்ணி சொல்லிட்டா, என் தம்பி இழுத்த ஒயர் ஒண்ணு கூட இந்தச் செவுத்துக்குள்ள இருக்கக் கூடாதாம். அவ பொண்ணு பாப்பா என்கிட்ட சொல்லிட்டா, அப்பா ஒயரை உருவினா அன்னைக்கே ஹாஸ்டலுக்குப் பெட்டியைத் தூக்கிருவேன்னு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி. நீ வந்து பாத்துட்டு, ஒயர் நல்லாருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா அவ கேப்பா. கூட இருந்தவன் நீதானே?"

மறுமுனையில் போன் வைக்கப்பட்ட பிறகும் குச்சி வெகுநேரம் காதிலிருந்து எடுக்கவில்லை.

*

அவன் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை விட்டும் விடாமல் பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. நான்கு நாளாக இதே கதை. சுவரெல்லாம் வேர்த்துக் கிடந்தன. வாசலில் குடையை மடக்கும்போதே உள்ளேயிருந்து சூடான துணியின் வாசனை வந்தது.

அண்ணி துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். நிதானம் இருந்தபோதும் அதைத்தான் செய்தாள். நடு அறையில் மேசை போட்டு, அதற்கென்றே அவர் வைத்துக் கொடுத்த பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகித் தேய்ப்பாள். இப்போது அந்த பிளக் செத்துவிட்டதால் மேசை முன் ஹாலுக்கு, வாசற்கதவை ஒட்டி வந்திருந்தது. இரண்டு பக்கமும் மூட்டை மூட்டையாகத் துணி. உள்ளே போகிறவர் வயிற்றை எக்கித்தான் போக வேண்டும். குச்சிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"வாங்க தம்பி," என்றாள் அண்ணி. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சட்டைக் காலரில் கண்ணை வைத்தாள். இளைத்திருந்தாள். "பத்து மாசம் கழிச்சு வழி தெரிஞ்சுதாக்கும்."

"வேலை அண்ணி..."

"வேலைதான். அவரும் அப்படித்தான் சொல்லுவார்."

அக்கா உள்ளேயிருந்து ஒரு பாத்திரத்தோடு வந்தாள். "மோந்து பாரு," என்று அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரிந்த பால். "ஃப்ரிட்ஜு இப்ப பீரோ மாதிரிதான். உள்ள வச்சா வெளிய வச்சதை விடச் சீக்கிரம் கெட்டுப்போவுது."

"எப்பலேர்ந்துக்கா?"

"போன திங்கக்கிழமை. இவ தேய்ச்சுக்கிட்டே இருந்தா, பொட்டி ஆறிப்போச்சு. பொட்டிதான் போச்சுன்னு பாத்தா ஃப்ரிட்ஜும் போச்சு, பாப்பா ரூம்ல பிளக்கும் போச்சு, கொல்லைப்பக்கம் வாஷிங் மெஷினும் போச்சு. ஆனா இந்த வாசல்கிட்ட இருக்கறதும் ஜன்னல்கிட்ட இருக்கறதும் வேலை செய்யுது." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "செவ்வாக்கிழமை தம்பி படத்தைத் துடைக்கப் போனேன். சுள்ளுன்னு இழுத்துச்சு. தோள்பட்டை வரைக்கும். அவன் இந்தச் செவுத்துக்குள்ளதான்டா இருக்கான்."

"உங்களுக்கு வாதம்," என்றாள் அண்ணி, இஸ்திரியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"வாதமா? நீ தொட்டுப் பாரேன்."

"நான் எதுக்குத் தொடணும்? இருக்கும்போது அடிச்ச ஷாக்கு பத்தாதா?"

அண்ணி அந்தப் படத்தைக் கழற்றி, பீரோவின் மேல் குப்புறப் படுக்க வைத்திருந்தாள். துணிமுனையைச் சுற்றித்தான் எடுத்தாளாம். வாதம் என்று சொன்னாலும் பயம் வேறு. சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

*

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் விளக்குக்குத் தனி வழி, பிளக்குக்குத் தனி வழி. விளக்கு எரிகிறது, பிளக் செத்துவிட்டது என்றால் கோளாறு பிளக் வழியில். அந்த வழி போர்டிலிருந்து கிளம்பி முதல் பிளக்குக்கு வரும்; அங்கிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு. வரிசையில் நின்று செங்கல்லைக் கை மாற்றுகிற ஆட்கள் மாதிரி. நடுவில் ஒருவன் கையைத் தொங்கப் போட்டால் அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் சும்மாதான் நிற்க வேண்டும். ஆகவே செத்த பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதில் புண்ணியமில்லை. உயிரோடு இருக்கிற கடைசிப் பிளக் எது, செத்துப்போன முதல் பிளக் எது, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

குச்சி டெஸ்டரை எடுத்தான். ஜன்னலோரப் பிளக்கில் வலது ஓட்டையில் வைத்தால் எரிந்தது. இடது ஓட்டையில் எரியவில்லை. சரி. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்று கரண்ட் வருகிற வழி, மற்றது திரும்பிப் போகிற வழி.

அடுப்படிக்குப் போய் ஃப்ரிட்ஜ் பிளக்குக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு பிளக்கில் வைத்தான். வலதில் எரிந்தது. இடதிலும் எரிந்தது.

அக்கா அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ரெண்டுலயும் எரியுதே. அப்புறம் ஏன் ஓடல?"

"அதனாலதான்க்கா ஓடல."

"புதிர் போடாதடா."

"கரண்ட்டு வந்தா மட்டும் போதாதுக்கா, திரும்பிப் போவணும். போகவரத்தான் வேலை. இங்க வந்துருக்கு, திரும்பிப் போற வழி எங்கயோ அறுந்துபோச்சு. வந்தது போக முடியாம ஃப்ரிட்ஜு மோட்டார் வழியா பூந்து இந்தப் பக்கத்து ஒயர்லயும் வந்து நிக்குது."

அக்கா மெல்லத் தலையாட்டினாள். "போக வழியில்லாம நிக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று குச்சிக்குத் தெரிந்தது. முதுகில் ஈரச்சட்டை ஒட்டியது.

"ஃப்ரிட்ஜு சுவிட்ச்சை அணைங்க."

அணைத்தாள். இடது ஓட்டையில் டெஸ்டர் அவிந்தது. போட்டாள், எரிந்தது. இரண்டு மூன்று முறை தானாகவே போட்டுப் போட்டு அணைத்தாள். சத்தமே இல்லாமல் ஓடாத ஒரு ஃப்ரிட்ஜ், டெஸ்டருக்குள் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது.

குச்சி வாசலுக்கு வந்து போர்டைத் திறந்தான். நிதானத்தின் வீட்டில் இன்னும் பழைய பீங்கான் பீஸ் கட்டைதான். பிளக் வழியின் பீஸ் கட்டையைப் பிடுங்கினான். அவன் கை தானாகப் போய் அதைச் சட்டைப் பையில் போட்டது. பிறகு ஜன்னலோரப் பிளக் பெட்டியின் மூடியைக் கழற்றினான்.

உள்ளே பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல, ஒயர் முறுக்கைப் பார்த்தே அவனுக்கு ஆளைச் சொல்லத் தெரியும். நிதானம் செம்பை வலதுபக்கமாகத்தான் முறுக்குவார். எட்டுச் சுற்று, ஏழும் கிடையாது ஒன்பதும் கிடையாது. மேலே சுற்றிய டேப்பின் நுனியை உள்ளே மடித்து விடுவார், பின்னால் பிரிக்கிறவன் நகத்தால் தேட வேண்டாம் என்று. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சாண் ஒயரைக் கூடுதலாகச் சுருட்டி வைப்பார். எதற்கண்ணே வீணாக என்று ஒருமுறை கேட்டதற்கு, "பின்னால வர்றவனுக்குடா. அவனுக்கு நாம யாருன்னு தெரியாது. இழுத்துப் பாத்து நீளம் பத்தலன்னா அப்பத் தெரியும், திட்டுவான்," என்றார்.

பின்னால் வந்தவன் அந்த ஒரு சாணைத் தொட்டான். இருபது வருஷத்து ஒயர், நேற்று மடித்ததுபோல மழமழவென்று இருந்தது.

"அண்ணி, அடுப்படிப் பெட்டியைத் திறந்து வச்சிருக்கேன். அதுல கறுப்பு ஒயரை லேசா பிடிச்சுக்கிறீங்களா? நான் இங்கேருந்து இழுக்கறேன். அசைஞ்சா சொல்லுங்க."

அண்ணி இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். போகிற வழியில் அவன் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"இழுக்கறேன். அசையுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல தம்பி. பாறை மாதிரி நிக்குது."

இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரே ஒயராக இருந்தால் இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் நடுவில் இன்னொரு பெட்டி இருக்கிறது, ஒயர் அங்கே இறங்கி நிற்கிறது. குச்சி ஹால் சுவரைக் கண்ணால் துழாவினான். ஜன்னல், காலண்டர், குட்டைப் பீரோ, அதற்கு மேல் அந்த ஆணி.

"பீரோவுக்குப் பின்னால பாயிண்ட் ஏதும் இருக்கா அண்ணி?"

அண்ணி யோசித்தாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஆத்திரம் இல்லாத ஏதோ ஒன்று வந்து போனது. "இருக்கு. பாப்பா பத்தாவது படிக்கறப்ப அவளுக்குப் படிக்க இடம் வேணும்னு பீரோவை உள்ளேருந்து இங்க தள்ளினோம். ஒரு பாயிண்ட்டு மறையுதே, ஒரு பாயிண்ட்டு மறையுதேன்னு ரெண்டு நாள் சோறு இறங்காமப் புலம்பினாரு. ஏதோ பெத்த புள்ளைய மூடி வச்ச மாதிரி."

மூன்று பேருமாகப் பீரோவை நகர்த்தினார்கள். உள்ளே புடவைகளும் கனமும் அதிகம். அரை அடி நகர்வதற்குள் அக்கா மூன்று முறை சுருக்கமாக யாரையோ திட்டினாள். பின்னால் ஒட்டடைக்கு நடுவில், முழங்கால் உயரத்தில், வெள்ளை மாறாமல் ஒரு பிளக் இருந்தது. குச்சி அதற்கு நேர் மேலே கண்ணைக் கொண்டுபோனான். ஐந்தரை அடியில், நூல் பிடித்ததுபோல, அந்த ஆணி.

நிதானம் ஒருபோதும் குறுக்கே குழாய் போடமாட்டார். பெட்டிக்கு நேர் மேலே செங்குத்தாகக் கூரை வரைக்கும் போய், அங்கேயிருந்து பக்கவாட்டில் திரும்பி, அடுத்த பெட்டிக்கு நேர் மேலே வந்து இறங்குவார். சுவரைப் பார்த்தே குழாய் எங்கே போகிறது என்று எவனும் சொல்லலாம். சுவிட்ச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே ஆணி அடிக்காதே என்பது அந்த வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்த பாடம். பீரோவுக்குப் பின்னால் ஒரு பிளக் இருப்பது தெரியாதவருக்கு அந்தப் பாடத்தால் பிரயோஜனமில்லை.

குச்சி பீஸ் கட்டையை எடுத்துப்போய்ப் போர்டில் செருகினான். திரும்பி வந்து டெஸ்டரை ஆணித் தலையில் வைத்தான். எரிந்தது.

அக்கா சுவரிலிருந்து பின்வாங்கினாள். "நான் சொன்னேன்ல."

"ஃப்ரிட்ஜை அணைங்கக்கா."

அணைத்தாள். ஆணி அவிந்தது. போட்டாள், எரிந்தது.

அக்கா அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றபடி கேட்டாள்: "அப்ப அவன் ஃப்ரிட்ஜுலயா இருக்கான்?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்காமல் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

*

மறுபடியும் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குச்சி குறடால் ஆணியை மெல்ல ஆட்டி உருவினான். உளியால் பூச்சைத் தட்டினான். ஈரச் சுவர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே குழாயில் ஆணி போன ஓட்டை, அதைச் சுற்றிப் புகைக்கறுப்பு. குழாயைக் கீறித் திறந்து கறுப்பு ஒயரை வெளியே எடுத்தான்.

"இங்க பாருங்க அண்ணி. இந்த ஒயருக்குள்ள ஏழு நரம்பு. இந்த அஞ்சும் பாருங்க, கத்தரிச்ச மாதிரி இருக்கு. ஆணி வெட்டினது. இந்த ரெண்டு நுனியில பாருங்க, உருகி உருண்டையா நிக்குது. ஏழு பேர் தூக்கற பாரத்தை இத்தனை மாசமா ரெண்டு பேர் தூக்கியிருக்காங்க. இஸ்திரிப் பொட்டி பாரம். சூடாகிச் சூடாகி, போன திங்கக்கிழமை இதுவும் எரிஞ்சு போச்சு. அறுந்த நுனியில ஆணி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அதான் படத்தோட இரும்புச் சட்டத்துக்குக் கரண்ட்டு வந்துச்சு. ஃப்ரிட்ஜு சூடாக் கிடக்கறதால ஓடணும் ஓடணும்னு வழியைத் திறந்தே வச்சிருந்துச்சு."

"ஆணி," என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"நான் அடிச்ச ஆணி."

குச்சி அறுந்த நுனியை விரலால் நிமிர்த்தினான்.

"இவ மாட்ட மாட்டேன்னா. நீ மாட்டலன்னா போடி, கூடப் பொறந்தவ நான் மாட்டறேன்னு அம்மிக்குழவியை வச்சு அடிச்சேன்." அக்கா துணி மூட்டை ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். "அவன் இழுத்த ஒயரை அவன் படத்தாலயே வெட்டிட்டேனா? இன்னும் கொஞ்சம் ஈரக்கையோட தொட்டிருந்தா?"

"தொடல இல்ல. விடுங்க," என்றாள் அண்ணி. அவள் குரல் இளகியிருந்தது. பிறகு குச்சியைப் பார்த்தாள். "அப்ப அவர் வேலையில கோளாறு இல்ல."

"ஒரு பெட்டியிலயும் இல்ல அண்ணி. நான் பாத்த வரைக்கும் இந்தத் தெருவுல இப்படி ஒரு வயரிங் கிடையாது. நாளைக்கு வர்றவரை வேணாம்னுடுங்க. இதை உருவினா பாவம்."

சொல்லிவிட்டான். இதற்குத்தான் கூப்பிட்டார்கள். ஒரு ஜாயின்ட் போட்டு, பூச்சைப் பூசி, போய்விடலாம். பாப்பா ஹாஸ்டலுக்குப் போகமாட்டாள். பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த அந்த ஒரு சாண் ஒயரை மேலே தள்ளினால் இணைப்புக்கு நீளம் சரியாக இருக்கும். குச்சி கத்தியால் ஒயரின் தோலைச் சீவத் தொடங்கினான்.

அண்ணி அவன் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அது எதுக்குத் தம்பி பையில?"

"எது?"

"பீஸ் கட்டை. போர்டு மேலயே வைக்கலாமே."

"மேல வச்சா யாராச்சும் தெரியாம எடுத்துச் செருகிருவாங்க அண்ணி. பையில இருந்தா நான் கொடுத்தாத்தான் கரண்ட்டு வரும். அண்ணன் பழக்கினது."

"ஆமா. இந்த வீட்டுல ஒரு பல்பு ஹோல்டர் மாத்தறதுக்குக்கூட அவர் பையில அது இருக்கும். ஒருநாள் பையிலயே வச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு, பகல் பூரா ஃபேன் இல்லாம வெந்தோம்." அண்ணி அவன் கையிலிருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எட்டுச் சுத்து சுத்துற மனுஷன். பல்புக்குக் கட்டையைப் பிடுங்கற மனுஷன். அங்க மட்டும் அணைக்க வேணாம்னு எப்படிச் சொன்னாரு? பத்து மாசமா நான் இதைத்தான் கேக்கறேன். நீங்க பக்கத்துல நின்னீங்க. என்ன அவசரம் அவருக்கு? கோவமா இருந்தாரா? காலைல என்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தாரு, அதைச் சொன்னாரா?"

கத்தி நின்றது.

காலையில் சண்டை போட்டது குச்சிக்குத் தெரியாது. பத்து மாதமாக இவள் தன் சண்டையால் அவர் செத்தார் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் சொன்ன ஒரு வரி இவ்வளவு தூரம், இத்தனை அறைக்குள் ஓடியிருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

வெளியே தூறல் வலுத்தது. பிளக்கெல்லாம் செத்துப்போன வீட்டில் நிற்கிற ஓர் அமைதி இருந்தது. ஃப்ரிட்ஜ் இல்லை, இஸ்திரி இல்லை. சுவரில் உடைத்த பள்ளத்திலிருந்து ஒரு மண்துகள் குழாய்க்குள் விழுந்து, உள்ளே இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. யாரோ சுவருக்குள் நகத்தால் கீறிக்கொண்டு இறங்குவதுபோல.

"அணைச்சாரு அண்ணி," என்றான்.

"என்ன?"

"அவர் அணைச்சாரு. அச்சகத்துல பீஸ் கட்டை கிடையாது. புது மாதிரி சுவிட்ச்சு, கீழ தள்ளினா அணையும், மேல தள்ளினா எரியும். பிடுங்கிப் பையில போட முடியாது. அதனால அவர் அணைச்சுட்டு என்னைக் கூப்பிட்டு போர்டுக்குக் கீழ நிக்கச் சொன்னாரு. நான் கூப்பிடற வரைக்கும் நகராத, ஒருத்தனையும் கைய வைக்க விடாதன்னாரு. நின்னேன். அரை மணி நேரம் நின்னேன். அவர் வேலைதான் தெரியுமே, நிதானம். எனக்கு அலுத்துப்போச்சு. டீ குடிக்கப் போனேன். மிஷின்காரன் வந்து பாத்திருக்கான், போர்டுகிட்ட ஆளில்ல, சுவிட்ச்சு கீழ கிடந்துச்சு, மேல தள்ளிட்டான். அவனும் பயத்துல வெளிய சொல்லல."

அண்ணி கையால் தரையை ஊன்றிக்கொண்டாள்.

"வந்தப்ப எல்லாரும் கூடி நின்னாங்க. மெயினை அணைக்கலையான்னு மேனேஜர் கேட்டான். அவர்தான் வேணாம்னார்னு வாயில வந்துருச்சு. திட்டம் போட்டுச் சொல்லல அண்ணி. வந்துருச்சு. அப்புறம் அதை எடுக்க முடியல."

அக்கா மூட்டையிலிருந்து எழுந்தாள். அவன் முன்னால் வந்து நின்றாள். கையை ஓங்குவாள் என்று குச்சி எதிர்பார்த்தான். ஓங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குச் சோறு போட்டேனேடா, இந்தக் கையால," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே குழாயைத் திறந்து அவள் முகம் கழுவுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

அது நின்றதும் அண்ணி பேசினாள். சாதாரணக் குரலில், துணிக்கணக்கு சொல்வதுபோல.

"அப்பா அணைக்காம கை வைக்க மாட்டாருன்னு பாப்பா முதல் நாளே சொன்னா. பொணம் வீட்டுல கிடக்கும்போதே சொன்னா. குச்சித் தம்பி பொய் சொல்லுவாரான்னு நான் அவ கன்னத்துல அறைஞ்சேன். அத்தனை பேர் முன்னால. அன்னைலேர்ந்து அவ என்கிட்ட பேசறதில்ல."

"அண்ணி..."

"அவ வேலை பாக்கற மருந்துக்கடையில ஆறு மணிக்கு விடுவாங்க. வர்ற வரைக்கும் இருங்க. அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அது வேற."

*

ஆறே கால் வரைக்கும் குச்சி உடைத்த சுவருக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். ஜாயின்ட் போட்டு முடிக்க அரை மணி நேரம் தாராளமாகப் போதும். கை ஓடவில்லை. அறுந்த இரண்டு முனைகளும் அவன் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அண்ணி வாசற்பக்கத்தில் உட்கார்ந்து, வேலை செய்கிற பிளக்கும் இப்போது அவன் பையில் இருந்த கட்டையால் செத்திருந்ததால், தேய்க்காத துணிகளைச் சும்மா மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கேட் திறந்தது. பாப்பா குடையை உதறிவிட்டு உள்ளே வந்தாள். இருபது வயது, நெற்றியும் தாடையும் அப்படியே நிதானம். உடைந்த சுவரைப் பார்த்தாள். நகர்ந்து நிற்கிற பீரோவைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"அத்தை," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "நாளைக்குன்னுதானே சொன்னாங்க? இன்னைக்கே ஆரம்பிச்சாச்சா?"

"பாப்பா," என்றாள் அண்ணி. "ஒயரை உருவல. இங்க வந்து உக்காரு. சித்தப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மா நேராகத் தன்னிடம் பேசியதில் பாப்பா திகைத்தாள். உட்காரவில்லை. குச்சி எழுந்து நின்றான். அண்ணியிடம் சொன்னதையே சொன்னான். அணைத்தது, நிற்கச் சொன்னது, போனது, வாயில் வந்தது. இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தபடி அவரிடமே சொல்வதுபோல இருந்தது.

பாப்பா முடியும்வரை கேட்டாள். குறுக்கே பேசவில்லை. அவளும் நிதானம்தான்.

"எவ்வளவு நேரம் போயிருந்தீங்க?"

"ஒரு டீ குடிக்கிற நேரம் பாப்பா."

"குடிச்சு முடிச்சீங்களா?"

போலீஸ் இதைக் கேட்கவில்லை. மேனேஜர் கேட்கவில்லை. பத்து மாதத்தில் அவனே அவனைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. அந்த டம்ளர் அப்போதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. விளிம்பு வரை நுரை, மழைக்கால மதியம், கடைக்காரனோடு ஏதோ சிரிப்பு.

"முடிச்சேன்," என்றான். "சூடா இருந்துச்சு. ஊதி ஊதிக் குடிச்சேன்."

பாப்பா தலையை ஒருமுறை ஆட்டினாள். பிறகு அவனிடமிருந்து திரும்பி வாசற்பக்கம் போய், துணிகளைத் தள்ளி இடம் செய்துகொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடிக்காமல் கிடந்ததிலிருந்து ஒரு சட்டையை இழுத்தாள். அதன் ஒரு கையை அவளும் மறு கையை அண்ணியும் பிடித்து, தேய்க்காத சட்டையை, சுருக்கம் போக இழுத்துப் பிடித்து, மடித்தார்கள்.